ஸ்லைடுப் பெட்டியைத் திறக்கும் முன்

சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரம். ஓர் அம்மையார் கையில் பிஸ்கட் டப்பாவோடு என்னிடம் வந்தார். திறந்து பார்த்தால் உள்ளே நூறு ஸ்லைடுகளாவது இருக்கும். "எங்க மாமனார் எடுத்ததுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இதத் தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார். கேள்வியின் முதல் பாதிக்குச் சரி என்றும், மறுபாதிக்கு ஐயோ வேண்டாம் என்றும் சொன்னேன். ஏன் என்பதை நின்ற வாக்கில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதையே இங்கு விரிவாக எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டுப் பரணில் இப்படி ஒரு டப்பா கட்டாயம் இருக்கும்.

ஸ்லைடு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் பூங்காவில் சறுக்குவதுதான் நினைவுக்கு வரும். ஆகவே முதலில் பொருளை அறிமுகம் செய்துவிடுகிறேன். 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்ணப் பிலிம் துண்டு. அதைச் சுற்றி 50 மில்லிமீட்டர் சதுரத்தில் ஓர் அட்டை அல்லது பிளாஸ்டிக் சட்டம். அவ்வளவுதான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் படம் தெரியும். புரொஜெக்டரில் இட்டால் சுவர் நிறையத் தெரியும். 1970களில் போர்ட் பிளேரில் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) ஜங்லிகாட்டில் ஒரு வீட்டு முற்றத்தில் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி, அக்கம்பக்கத்தார் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து ஸ்லைடு பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

நெகட்டிவுக்கும் ஸ்லைடுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நெகட்டிவிலிருந்து பத்துப் பேருக்குப் பத்துப் பிரதி போட்டுக் கொடுப்போம். ஒன்று தொலைந்தாலும் அத்தை வீட்டில் ஒன்று இருக்கும். ஸ்லைடு அப்படியல்ல. கேமராவுக்குள் இருந்து அந்த வெளிச்சத்தை வாங்கிய பிலிமேதான் கழுவப்பட்டு நம் கைக்கு வருகிறது. அது ஒன்றே ஒன்று. போனால் போனதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். 1998இல் நான் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். கண்ணாடித் தட்டின் மேல் காகிதத்தைக் கவிழ்த்து மூடும் வகை, பிளாட்பெட் என்பார்கள். பிரிண்டர் மாட்டும் துளையிலேயே இதையும் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் ஸ்கேன் ஆவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பெட்டியின் மேல் 9600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அங்குலத்துக்கு 9600 புள்ளிகள் என்று பொருள். கையேட்டின் உள்ளே சிறிய எழுத்தில் உண்மை இருந்தது: கருவியின் கண் உண்மையில் பார்ப்பது அங்குலத்துக்கு 600 புள்ளிகள்தான். மீதியெல்லாம் இரு புள்ளிகளுக்கு நடுவே கணக்குப் போட்டு இட்டு நிரப்புவது. பாலில் தண்ணீர் கலந்து அளவைக் கூட்டுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் விற்பனையாளர்களிடம் இன்றும் போகவில்லை. எந்த ஸ்கேனர் வாங்கினாலும் ‘ஆப்டிகல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் பாருங்கள். அதையும் முழுதாக நம்பிவிட வேண்டாம்.

அந்தச் சமயத்தில் கச்சாலிலிருந்து ஒரு மாமா வந்தார். உறவு முறை இல்லை, பழக்கத்தில் மாமா. இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய நம்மவர்களில் சில குடும்பங்கள் 1970களில் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டது பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களில் இவரும் ஒருவர். வெள்ளைக்காரத் துரை விட்டுச்சென்ற கேமரா ஒன்று இவரிடம் இருந்தது. பிலிம் கிடைக்கும்போதெல்லாம் எடுப்பார். கழுவுவதற்குக் கப்பலேறி மெயின்லேண்டுக்குப் போய்த் திரும்பி வர மாதக்கணக்காகும். அப்படிச் சேர்ந்த ஸ்லைடுகளை அலுமினியப் பெட்டியில் அடுக்கி என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, ஒன் மெஷின்ல இது ஏறுமா பாரு" என்றார்.

ஏறவில்லை. காரணம் எளிது. பிளாட்பெட்டில் விளக்கும் கண்ணும் இரண்டுமே கண்ணாடிக்குக் கீழே இருக்கின்றன. விளக்கொளி காகிதத்தில் பட்டுத் திரும்பி வருவதைக் கண் படிக்கிறது. ஸ்லைடுக்கு ஒளி மறுபக்கத்திலிருந்து ஊடுருவி வரவேண்டும். அப்படியே வைத்தால் கன்னங்கரேல் என்று வரும். மேலே வெள்ளைத்தாள் வைத்தால் ஒளி பிலிமை இரண்டு தடவை கடந்து, கஞ்சியில் கரி கலந்ததுபோல வரும். மூடியிலேயே விளக்கு வைத்த தனித் துணைக்கருவி அப்போதே உண்டு. அதன் விலை ஸ்கேனர் விலையை நெருங்கியது. நான் டீத்தூள் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளித்தாளை அட்டையில் ஒட்டி, ஓட்டுக் கூரைபோல மடித்து, ஸ்லைடின் மேல் கவிழ்த்தேன். பக்கத்தில் விழும் வெளிச்சம் ஒரு சரிவில் பட்டு, மறு சரிவுக்குத் தாவி, ஸ்லைடின் வழியாகக் கீழே இறங்கும். பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஓரம் வெளுத்து மறு ஓரம் இருண்டிருந்தது. ஆனாலும் படம் தெரிந்தது. மாமா திரையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

பதினான்கு ஸ்லைடுகளை ஏற்றினேன். இங்கேதான் நான் தப்புக் கணக்குப் போட்டேன். கோத்தகிரியில் இருந்த அவருடைய சொந்தக்காரப் பையனுக்குப் படங்களைப் பிளாப்பியில் அனுப்ப வேண்டும். பிளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்பி. அங்குலத்துக்கு 600 புள்ளி வைத்தால் ஒரு ஸ்லைடு 850க்கு 567 புள்ளி. புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஏறத்தாழ 14 லட்சத்து 46 ஆயிரம் பைட். ஒரு பிளாப்பிக்குச் சரியாக ஒரு படம்தான். 300 வைத்தால் 425க்கு 283 புள்ளி. ஒரே பிளாப்பியில் நாலு படம்! பதினான்கு பிளாப்பி வாங்குவதா, நாலு பிளாப்பி வாங்குவதா? திரையில் இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. 300 வைத்தேன். படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை அப்போதே வந்துவிட்டது. எனக்கு அதில் பழக்கமில்லை. மீதி ஸ்லைடுகளை அடுத்த தடவை பார்க்கலாம் என்று பெட்டியைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, கப்பலேற்றி அனுப்பினேன்.

2000 ஜனவரி 1ஆம் தேதி, கிரீன்விச்சில் நள்ளிரவு மணி அடிக்கும் அதே வேளையில் சூரியன் உதிக்கும் இடம் என்று கச்சாலின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. நான் போவதாக இருந்தேன், போகவில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து, அலை வந்தது. நிக்கோபாரில் மிக அதிகம் அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. மாமாவும் பிள்ளைகளும் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வீடு இல்லை. அலுமினியப் பெட்டியும் இல்லை.

சில வருடங்கள் கழித்து மாமாவின் மகள் எனக்குப் போன் செய்தாள். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, 1979இல், அவள் அம்மா காய்ச்சலில் தவறிவிட்டார். அந்த அம்மா இருக்கும் படம் ஒன்றே ஒன்றுதான்: 1977 பொங்கலன்று லயத்து வாசலில் இருபது பேர் இரண்டு வரிசையாக நிற்கும் படம். நான் ஏற்றிய பதினான்கில் அதுவும் ஒன்று. "அண்ணே, அதைப் பெரிசாக்கித் தாங்கண்ணே. அம்மா மொகம் மட்டும் போதும்" என்றாள்.

இதற்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. அந்த மாதிரிக் கூட்டப் படத்தில் ஒரு முகத்தின் அகலம் பிலிமில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக, 0.8 என்று வையுங்கள், இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் அந்த முகத்துக்குக் கிடைப்பது ஒன்பது புள்ளி. ஒன்பது புள்ளியில் கண் எது, மூக்குத்தி எது? 600 வைத்திருந்தால் பத்தொன்பது புள்ளி, அடையாளமாவது தெரிந்திருக்கும். 2400இல் எழுபத்தைந்து. அந்த ஸ்லைடு இன்று கையில் இருந்தால் 4000இல் எடுத்து நூற்றிருபத்தைந்து புள்ளியில் அந்த அம்மாவின் முகத்தைக் காட்டியிருப்பேன். பிலிமில் அவர் முழுதாக இருந்தார். நான் நாலு பிளாப்பிக்குள் அவரை அடைத்தேன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு என்று சொல்லி மங்கிய படத்தைத் தெளிவாக்கித் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அந்தப் பெண்ணுக்காக அதையும் செய்து பார்த்தேன். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. இமை, புருவம், பல்வரிசை எல்லாம் இருந்தன. ஆனால் அது அவள் அம்மா முகம் அல்ல. ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகிய இயந்திரம், ஒன்பது புள்ளிக்குப் பொருந்தும்படி தானாக வரைந்த யாரோ ஒருத்தியின் முகம். மறுமுறை ஓட்டினால் வேறொருத்தி வருகிறாள். அதை அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. கீறலை அகற்ற, நிறத்தைச் சரிசெய்ய அந்த மென்பொருள்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மூலத்தை ஏற்றிய கோப்பு தனியே, கை படாமல் இருக்கட்டும்.

சரி, உங்கள் டப்பாவுக்கு வருவோம். திறந்தவுடன் ஸ்கேனரைத் தேடாதீர்கள்; பூஞ்சைக் காளான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் ஊர் இது. பிலிமின் மேல் நிறத்தைத் தாங்கியிருக்கும் பூச்சு ஜெலட்டின். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. பூஞ்சைக்கு அது விருந்து. சிலந்தி வலைபோல வெள்ளை நூல்கள் தெரிந்தால் பூஞ்சை என்று அறிக. நம் கை உடனே ஈரத்துணியைத் தேடும். கூடவே கூடாது! பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும். துடைத்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும். வாயால் ஊதுவதும் ஆகாது, எச்சில் தெறிக்கும். ரப்பர்ப் பந்து ஊதுகுழலால் தூசியைப் போக்குங்கள். பூஞ்சைக்குத் தண்ணீர் கலக்காத, 98 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முக்கியமில்லாத ஒரு ஸ்லைடின் ஓரத்தில் முதலில் சோதித்துவிட்டு, மெதுவாகத் தடவலாம். துணிச்சல் வராவிட்டால் அப்படியே ஏற்றிவிடுங்கள். பூஞ்சையோடு ஏற்றிய முகம், பூஞ்சையில்லாமல் அழிந்த முகத்தைவிட மேல்.

பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். ஈரம் குடித்துப் பொட்டலம் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். பீரோவுக்குள் சின்னப் பல்பு எரியவிடும் நம்மூர் வழக்கம் கேமராவுக்குச் சரி; வண்ணப் பிலிமுக்குச் சூடு நல்லதல்ல. மெதுமெதுவென்று வாடை அடிக்கும் பிவிசி உறைகள் வேண்டாம், பாலிபுரோப்பிலீன் உறைகளே நல்லவை.

எந்தக் கருவியில் ஏற்றுவது? மூடியில் விளக்கு உள்ள பிளாட்பெட் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். 6400 என்று எழுதியிருந்தாலும் உண்மையான தெளிவு அதில் பாதிகூட வராது. 2400இல் எடுத்தால் போதும், அதற்கு மேல் கோப்புதான் பெருக்கும். பிரிண்டரோடு சேர்ந்து வரும் மெல்லிய ஸ்கேனர்கள் பெரும்பாலும் தொட்டுப் படிக்கும் வகை. கண்ணாடியை ஒட்டியிருப்பது மட்டுமே அவற்றுக்குத் தெளிவாகத் தெரியும். ஸ்லைடு சட்டத்தின் தடிமனில் பிலிம் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதால் எல்லாம் மங்கலாகவே வரும். அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிலிமுக்கென்றே செய்த ஸ்கேனர்களில் நிக்கான் கூல்ஸ்கேன் பெயர்பெற்றது. நிறுவனம் அவற்றைச் செய்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. பழையது கிடைத்தால் அதிர்ஷ்டம். 1990களின் இறுதியில் அவற்றில் ‘டிஜிட்டல் ஐஸ்’ என்ற உத்தி வந்தது. அகச்சிவப்புக் கதிர் பிலிமின் வண்ணச் சாயங்களைக் கண்ணாடிபோலக் கடந்து போகும். தூசியும் கீறலும் மட்டும் அதை மறைக்கும். ஆக, அகச்சிவப்பில் எடுத்த படம் தூசியின் வரைபடமாகிவிடுகிறது. அதைக் கழித்தால் சுத்தமான படம்! இந்த யோசனையை முதலில் கேட்டபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனால் வெள்ளியால் ஆன கறுப்புவெள்ளைப் பிலிமுக்கு இது செல்லாது. கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் தகராறு செய்யும்.

இவை எதுவும் இல்லையென்றால் இன்று எளிய வழி கேமராதான். 24 மெகாபிக்சல் கேமராவும் நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸும் உள்ள பேரனைப் பிடியுங்கள். 6000க்கு 4000 புள்ளி கிடைக்கும். அது அங்குலத்துக்கு 4000 புள்ளிக்குச் சமமானது. பால்வெள்ளை அக்ரிலிக் தகட்டின் கீழிருந்து ஒளி வரட்டும். ஸ்லைடு தகட்டைத் தொடாமல் ஓர் அங்குலம் உயரே இருக்கட்டும், தகட்டின் தூசி படத்தில் விழாது. அறையை இருட்டாக்குங்கள். கைபேசித் திரையை விளக்காக வைப்பவர்கள் இன்னும் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் திரையின் கட்டங்களும் படத்தில் வரும்.

ஒளி அளவைப் பற்றி ஒரு சொல். ஸ்லைடின் இருண்ட பகுதி, விழும் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே வெளியே விடும். அக்காலத்து வீட்டு ஸ்கேனர்கள் அந்த ஆழத்தை எட்டவில்லை. தென்னை நிழலில் நின்ற நம்மவர்களின் கறுத்த முகங்கள் எல்லாம் என் 1998 படங்களில் வெறும் கரியாகப் போய்விட்டன, பின்னால் வெயிலில் நிற்கும் படகு மட்டும் அழகாக இருக்கிறது. ஆகவே ஒரே ஸ்லைடை வெளிச்சம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று என்று இரண்டு மூன்றாக எடுத்து வையுங்கள். நிறம் 8 பிட்டா 16 பிட்டா என்று கேட்டால் 16 என்று சொல்லுங்கள்.

பிலிமின் எந்தப் பக்கம் மேலே என்பதிலும் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறுவார்கள். பளபளப்பாக இருப்பது பின்பக்கம், மங்கலாக மேடுபள்ளம் தெரிவது பூச்சுள்ள பக்கம். இதெல்லாம் பார்க்கப் பொறுமையில்லாவிட்டால் படத்தில் சேலை கட்டிய ஒருவரைத் தேடுங்கள். முந்தானை வலது தோளில் கிடந்தால் ஸ்லைடு திரும்பி இருக்கிறது!

சட்டத்தையும் ஒரு தடவை முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாமனார் பேனாவால் எழுதிய ஊர்ப் பெயர் அதில் இருக்கும். கோடாக்கின் அட்டைச் சட்டங்களில் கழுவிய மாதமும் ஆண்டும் அச்சாகியிருப்பதுண்டு. படக்குறிப்புகளை யூனிகோடு தமிழிலேயே தட்டெழுதுங்கள். நான் 1998இல் அன்றைய ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய குறிப்புகளைத் திறந்தால் இன்று ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டுகிறது. பாதியை எழுத்துரு மாற்றி மீட்டேன். மீதிக்கு எழுத்துருவின் பெயரே மறந்துபோயிற்று.

கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று கடலுக்கு அந்தப் பக்கம், மதுரையிலோ திருச்சியிலோ உள்ள தங்கை வீட்டில் இருக்கட்டும். ஸ்லைடுகளையும் பிரித்துக் கொடுத்து வைக்கலாம். இடையில் ஒன்று: நம் பெரியவர்கள் ரோட்டிலிருந்தோ படகிலிருந்தோ ஜாரவா மக்களை எடுத்த பழைய படங்கள் சில வீடுகளில் உண்டு. அவர்களைப் படமெடுப்பது இன்று தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பழைய படங்களை வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போட்டுவிட வேண்டாம். அவர்களிடம் கேட்டு எடுத்த படங்களும் அல்ல அவை.

பிஸ்கட் டப்பா அம்மையாரின் ஸ்லைடுகளில் அறுபதை இதுவரை ஏற்றிவிட்டேன். வெற்றிமலை முருகன் கோவில் பங்குனி உத்திரக் காவடி ஒன்றும், சாத்தம் மரமில் வாசலில் சைக்கிளோடு நிற்கும் இளைஞர்கள் சிலரும் இருக்கிறார்கள். இளைஞர்கள் யார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மற்றவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கக் கட்டடத்துக்கு டப்பாவைக் கொண்டு வரலாம்; கேமராவும் விளக்குத் தகடும் என்னிடம் இருக்கின்றன. வரும்போது, அந்தப் படங்களில் நிற்பவர்களின் பெயர் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவரையும் கைப்பிடித்துக் கூட்டி வாருங்கள்.